எட்டு வருட லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டுமா?

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் தங்கி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். 2017-ல் வாங்கிய லேப்டாப், இன்டெல் ஐ5-7200யூ பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து வேலையைத் தொடங்க ஐந்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, 11 போட்டால் உங்கள் மெஷின் தகுதியில்லை என்கிறது. ஊரில் தங்கை பி.காம். சேர்கிறாள், அவளுக்கும் ஒன்று வேண்டும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், "பழசை எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு ஐ7 எடுங்க சார், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். கையில் 45,000 இருக்கிறது. என்ன செய்யலாம், அப்புறம் வாங்கும்போது பறந்த மெஷின் இப்போது ஏன் இப்படி நகர்கிறது என்பதையும் சொல்லுங்கள் என்றார்.

பழசைத் தூக்கிப் போடாதீர்கள். ஐ7 என்ற ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இருபது வருடமாக இந்த ஊரில் மென்பொருளின் வேகத்தைப் பார்க்கும் வேலையில்தான் குப்பை கொட்டுகிறேன், அதனால் இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் மூட மாட்டேன்.

முதலில் உங்கள் மெஷின். அது மெதுவாக இருப்பதற்குப் பிராசஸரைத் திட்டாதீர்கள், ஹார்ட் டிஸ்க்கைத் திட்டுங்கள். லேப்டாப்பில் வரும் சாதாரண டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும், அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. ஒரு கோப்பின் சின்னத் துண்டு வேண்டும் என்றால் முதலில் உள்ளே இருக்கும் கை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், பிறகு அந்த இடம் சுற்றிக்கொண்டு கைக்கு நேராக வரும்வரை காத்திருக்க வேண்டும், சராசரியாக அரைச் சுற்று. கூட்டிப் பார்த்தால் நொடிக்கு அறுபது, எழுபது துண்டுக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான துண்டுகளை டிஸ்க்கின் நாலா மூலையிலிருந்தும் கேட்கிறது. போதாததற்கு ஆன்டிவைரஸ், அப்டேட், ஒன்டிரைவ் எல்லாம் அதே வரிசையில் வந்து நிற்கின்றன. ரேஷன் கடையில் ஒரே ஒரு எடைக்கல் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. டிஸ்க்குக்குப் பதில் சிப்பிலேயே சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியில் நகர்வதற்குக் கையே கிடையாது, சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் வரும் சாதாரண எஸ்எஸ்டியே நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். அதனால்தான் ஒரு எஸ்எஸ்டி மாற்றினால் புது லேப்டாப் வாங்கியது போல இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடையில் நொடிக்கு 7,000 எம்பி வேகம் என்று ஒன்றைக் காட்டுவார்கள், வேண்டாம். அந்த எண் பெரிய ஒற்றைக் கோப்பை நேராக வாசிக்கும்போது வருவது, உங்கள் மெஷினால் அதை வாங்கிக்கொள்ளவும் முடியாது. 500 எம்பி வேகமுள்ள சாட்டா போதும். டிஎல்சி வகை என்று கேட்டு வாங்குங்கள், ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது. நான்கு பிட்டைத் திணிக்கும் கியூஎல்சி கொஞ்சம் நிறைந்ததும் எழுதும் வேகத்தில் படுத்துவிடும்.

அடுத்து விண்டோஸ் 11. இது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தரும் விஷயம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸர் (உங்கள் 7200யூ ஏழாம் தலைமுறை), கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும் என்றார்கள் மைக்ரோசாஃப்ட்காரர்கள். பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். சரி, பார்ப்போம். டிபிஎம் 2.0-ஐ 2016 ஜூலை கடைசியிலிருந்தே புது மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியிருந்தது, அதனால் உங்கள் லேப்டாப்பில் அது அநேகமாக இருக்கும். மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை வேகம் குறையாமல் ஓட்டப் பிராசஸரில் ஒரு தனி வசதி தேவை, அதுவும் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. பிறகு ஏன் ஏழுக்குக் கதவைச் சாத்தினார்கள்? வேடிக்கை என்னவென்றால் ஏழாம் தலைமுறை லேப்டாப் பிராசஸர்களில் ஐ7-7820எச்கியூ என்ற ஒரு மாடலை மட்டும் 2021 ஆகஸ்டில் உள்ளே விட்டார்கள். அந்த பிராசஸர் மைக்ரோசாஃப்டே அப்போது விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-ல் இருந்தது. தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பந்தியில் முதல் இலை. கோடு எங்கே போட வேண்டும் என்பதைச் சிலிக்கான் முடிவு செய்யவில்லை என்பது என் கருத்து.

இந்தத் தடையைத் தாண்டி 11-ஐ ஏற்ற வழிகள் உண்டு, நானே செய்திருக்கிறேன். ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ தங்கைக்கோ அப்படிச் செய்து கொடுத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு போனில் வகுப்பெடுக்க நீங்கள் தயாரா? வீட்டு உபயோகக்காரர்களுக்கு விண்டோஸ் 10-க்கு ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை, என்று அறிவித்தார்கள். அது மூச்சு விட்டுக்கொள்ளத்தான். உங்களுக்கு நான் சொல்வது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22. 2029 வரை ஆதரவு இருக்கிறது, பார்க்க விண்டோஸ் மாதிரியேதான் இருக்கும், தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகப் போட்டுக்கொள்ளலாம். பிரவுசர், வீடியோ, நிரல் எழுதுவது என்றிருப்பவருக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் ஓடும். பேட்டரிதான் முதலில் போகும்.

இனி அந்த ஐ7. கடைக்காரரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் விற்பது ஸ்டிக்கரை, அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் காலத்து உதாரணமே சொல்கிறேன். ஐ7-7500யூ என்று ஒன்று 2016-ல் வந்தது, அதில் கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி, இரண்டே இரண்டு. அடுத்த வருடம் வந்த ஐ5-8250யூவில் நான்கு. ஒரே வருட இடைவெளியில் ஐ5 ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டது, ஆனால் அதற்குப் பிறகும் பழைய ஐ7-ஐ அதிக விலைக்கு வாங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும். கோர் திடீரென்று இரட்டிப்பானதற்கு இன்டெல்லுக்கு வந்த ஞானோதயம் காரணமில்லை, 2017 மார்ச்சில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி ரைசன் பிராசஸரோடு களத்துக்குத் திரும்பி வந்ததுதான் என்பது என் கணிப்பு. போட்டி இல்லாத வருடங்களில் நமக்கு அந்த இரண்டு கோரையே திரும்பத் திரும்பப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக ஏஎம்டியை உத்தமர் ஆக்கிவிட வேண்டாம். ரைசன் 5 7520யூ என்று ஒரு மாடல். முதலில் இருக்கும் 7-ஐப் பார்த்தால் 2023-க்கான வரிசை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மூன்றாவது இலக்கம் சொல்கிறது, 2 என்றால் ஜென் 2, அது 2019-ல் வெளிவந்த வடிவமைப்பு. 7530யூ என்றால் ஜென் 3, 7540யூ என்றால் ஜென் 4. பெட்டியில் மூன்றுக்கும் ரைசன் 5 தான். பேருந்து எண்ணில் கடைசி எழுத்தைப் பார்க்காமல் ஏறினால் எங்கோ இறக்கிவிடுவது போல. இன்டெல் 2023 டிசம்பரிலிருந்து ஐ என்ற எழுத்தை மெல்ல மெல்ல எடுத்துவிட்டு கோர், கோர் அல்ட்ரா என்று இரண்டு வரிசை வைத்துக்கொண்டது, வெறும் கோர் வரிசையில் பழைய வடிவமைப்பே புதுப் பெயரில் வருவது உண்டு. ஸ்டிக்கரை மறந்துவிட்டு முழு மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வந்து வீட்டில் தேடிப் பாருங்கள். கடையில் நின்றபடி முடிவு செய்யாதீர்கள்.

சரி, வாங்கும்போது பறந்த மெஷின் ஏன் நகர்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். டிஸ்க் ஒரு காரணம், ஆனால் அதே டிஸ்க்தானே 2017-லும் இருந்தது? மாறியது மேலே ஏறி உட்காரும் மென்பொருள். 1995-லேயே நிக்லாஸ் விர்த் இதைப் பற்றி எழுதிவிட்டார், பாஸ்கல் மொழியை உருவாக்கியவர். வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிறது என்பது சாரம். அப்போதாவது வன்பொருள் காப்பாற்றியது. டிரான்சிஸ்டர் சின்னதாக ஆக மின்சாரத் தேவையும் அதே அளவில் குறையும் என்று 1974-ல் ராபர்ட் டென்னார்ட் குழு சொன்னது முப்பது வருடம் பலித்தது. நீங்கள் மோசமாக எழுதினாலும் இரண்டு வருடத்தில் புது சிப் வந்து வேகமாக ஓட்டிவிடும். 2005 வாக்கில் அது நின்றுபோனது. 2004-ல் பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது, 4 வரும் என்று சொல்லிவிட்டு இன்டெல் அதே வருடம் கைவிட்டது, சூடு தாங்கவில்லை. இன்றைக்கு இருபது வருடம் கழித்தும் உச்சத்தில் 5, 6 என்றுதான் நிற்கிறோம். கோர் எண்ணிக்கை கூடியது, ஆனால் பல கோரையும் பயன்படுத்தும்படி எழுதுவதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்க ஸ்பிரிண்ட்டில், அதாவது எங்கள் குறுகிய வேலைக் கெடுவில், இடமில்லை.

அதற்குப் பதில் என்ன செய்தோம்? 2013-ல் நிரலாளர்களின் தளமான கிட்ஹப், நிரல் எழுதும் தன்னுடைய ஆட்டம் எடிட்டருக்காக எலக்ட்ரான் என்று ஒன்றைச் செய்தது. இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர் எவரும் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதலாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எழுதுபவருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு ஆப்பும் தன் மடியில் ஒரு முழு குரோமியம் பிரவுசரைக் கட்டிக்கொண்டு வருகிறது. ஸ்லாக் ஒன்று, டிஸ்கார்ட் ஒன்று, குறிப்பெழுத ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் உண்மையான குரோம் ஒன்று. 8 ஜிபியில் மிச்சம் என்ன இருக்கும்? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது எங்கள் துறைக்கென்றே சொல்லிவைத்தது. ரேம் வாங்குவது நீங்கள், செலவழிப்பது நாங்கள். (நேர்மையாகச் சொல்வதென்றால் நான் தினமும் நிரல் எழுதுவது விஎஸ் கோட் என்ற எடிட்டரில், அதுவும் எலக்ட்ரான்தான். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆக, குறை முழுவதும் கருவியில் இல்லை.)

குறை எங்கே இருக்கிறது என்பதற்கு என் கதை. முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பில் வர நேரமாகிறது என்று புகார் மேல் புகார். எங்கள் டீம் சோதித்தால் ஒரு நொடிகூட ஆகவில்லை, கடைக்காரர்களின் இன்டர்நெட் சரியில்லை என்று பதில் எழுதி டிக்கெட்டை மூடினார்கள். நான் அல்சூரில்தான் குடியிருக்கிறேன், மார்க்கெட் பக்கம் எங்கள் மென்பொருளையே வைத்திருந்த ஒரு மளிகைக் கடை, அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். ஒரு சனிக்கிழமை காலை அவர் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எண்டர் தட்டியதிலிருந்து பில் வெளியே வர ஒன்பது நொடி. "தம்பி, உங்க கம்ப்யூட்டர் கணக்குப் போடுறதுக்குள்ள நான் வாய்க்கணக்கா போட்டுச் சில்லறையும் கொடுத்துடுவேன்" என்றார், நிஜமாகவே கொடுத்தும் காட்டினார். அவரிடம் இருந்தது 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷின். எங்கள் எல்லோர் மேசையிலும் 32 ஜிபி, எஸ்எஸ்டி.

எஸ்.பி. ரோட்டில் அதே மாதிரி ஒரு பழைய பெட்டியை வாங்கி ஆபீஸில் வைத்தேன். அரை நாளில் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பில்லைச் சேமித்ததும் கடையின் முழுப் பொருள் பட்டியலையும், பதினோராயிரம் வரி, டிஸ்க்கிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தது, எங்கேயாவது விலை மாறியிருக்கலாம் என்ற பயத்தில் யாரோ எப்போதோ எழுதியது. எங்கள் மெஷினில் அது கண்ணுக்கே தெரியவில்லை. திருத்த இரண்டு நாள் ஆனது. அந்த வருட அப்ரைசலில் மேனேஜர் கேட்டார், "புதுசா என்ன டெலிவர் பண்ணீங்க?" ஒன்பது நொடியை ஒன்றாக்கினேன் என்றால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பக்கத்து டீம் பில்லின் மூலையில் அசையும் பண்டிகை வாழ்த்து ஒன்றைச் சேர்த்திருந்தது, அதற்கு விருது.

இது எங்கள் ஆபீஸின் தனிச் சாபம் என்று நினைக்காதீர்கள். ஜிடிஏ ஆன்லைன் விளையாடியிருப்பீர்கள். திறக்கப் பல நிமிடம் ஆகும், ஏழு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தது, கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் விளையாட்டு. 2021-ல் வெளியாள் ஒருவர், மூலநிரல்கூட இல்லாமல், உள்ளே நோண்டிப் பார்த்தார். கடைச் சாமான்களின் பட்டியல் 10 எம்பி கோப்பு, சுமார் 63,000 பொருள். அதில் ஒவ்வொரு துண்டைப் படிப்பதற்கு முன்பும் மீதி இருக்கும் எழுத்துகள் எத்தனை என்று கோப்பின் கடைசி வரை போய் எண்ணிக்கொண்டிருந்தது நிரல். படித்த ஒவ்வொரு பொருளையும் ஏற்கெனவே இருக்கிறதா என்று மொத்தப் பட்டியலோடும் ஒப்பிட்டது. அவர் செய்த திருத்தத்தில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. விளையாட்டைச் செய்த ராக்ஸ்டார் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. அத்தனை வருடம் உள்ளே இருந்தவர்களுக்குத் திறமை இல்லையா? இருந்திருக்கும். யாரும் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் நிரலாளர், தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று குடைந்தார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருப்பது அகப்பட்டது. உலகத்தின் லினக்ஸ் சர்வர்களில் பெரும் பங்குக்குள் அது நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால். அரை நொடியை, "பரவாயில்லை, நெட் ஸ்லோவா இருக்கும்" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு யோசிக்கவே பிடிக்கவில்லை.

நம்ம ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் தங்கை பி.காம். என்பதால் டாலி என்ற கணக்கு மென்பொருளோடு பழகுவாள், அது இந்த பெங்களூருவின் சரக்கு, 1986-ல் தொடங்கிய கம்பெனி. அதை அழகான மென்பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பழகிய கணக்குப்பிள்ளை மவுஸைத் தொடாமல், திரையைக்கூடப் பார்க்காமல் வவுச்சர் போடுவதைப் பாருங்கள், விரலுக்குப் பின்னால் மென்பொருள் ஓடி வரும். நான் அதைத்தான் வேகம் என்பேன்.

டாலியும் எக்செல்லும் வேண்டும் என்பதால் தங்கைக்கு விண்டோஸ்தான், லினக்ஸை அவள் தலையில் கட்டாதீர்கள். புதிதாக வாங்கும் மலிவு லேப்டாப்புகளில் எனக்குள்ள பெரிய மனக்குறை, ரேமைக் கழற்றி மாற்ற முடியாதபடி போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 7520யூவுக்கு வேறு வழியே கிடையாது, எல்லாம் சால்டர்தான். 8 ஜிபி வாங்கினால் ஆயுளுக்கும் 8 ஜிபி. ஆப்பிளே 2024 அக்டோபரில்தான் மனம் இரங்கி மேக்புக்கை 16-லிருந்து தொடங்கியது. இப்போது அதில் இன்னொரு வயிற்றெரிச்சல். உலகத்தின் ரேம் சிப்பில் பெரும் பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என மூன்றே கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டருக்கான எச்பிஎம் மெமரியில் லாபம் கொட்டுகிறது, ஒரே அளவு மெமரிக்கு அது சாதாரண ரேமைவிடச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கானை விழுங்குகிறது, ஆக நமக்கு மிஞ்சுவது குறைகிறது. 2025 டிசம்பரில் மைக்ரான், ரேமும் எஸ்எஸ்டியும் விற்ற தன் க்ரூசியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது, நானே எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்ன பிராண்ட். விலை நான் சொல்லப்போவதில்லை, நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும்.

அதனால் 45,000-க்குப் புது மலிவு லேப்டாப்பைவிட ஆபீஸ்களில் ஓடிவிட்டு வந்த பழைய பிசினஸ் லேப்டாப் என்பது என் வாக்கு. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்தால் விண்டோஸ் 11 நேர்வழியில் ஏறும். இந்த ஊரின் கம்பெனிகள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கழித்துக் கட்டுவதால் எஸ்.பி. ரோட்டில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. என் செல்லம் 2018-ல் வந்த திங்க்பேட் டி480: ரேமுக்கு இரண்டு ஸ்லாட், வெளியே கழற்றும் பேட்டரி ஒன்று, உள்ளே ஒன்று, கீபோர்டு மாதிரி கீபோர்டு. டி480எஸ் என்று எஸ் சேர்ந்தால் கொஞ்சம் மெல்லிசு, ஆனால் ரேமில் ஒரு பகுதி சால்டர், ஒரு ஸ்லாட்தான். அடுத்த வருட டி490-லும் அதே கதை. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார், ஒன்றில்லை. 16 ஜிபி போட்டு எடுங்கள், மீதிப் பணத்தில் உங்கள் பழைய மெஷினுக்கு எஸ்எஸ்டியும் வந்துவிடும்.

கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள், வண்டி எடுத்துப்போய் அந்தச் சந்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கடையில் விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள், டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும், இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரிக்குத் தனியாகப் பேரம் பேசுங்கள். விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப்பை அவர்கள் கணக்கிலிருந்து சரியாக நீக்காமல் விட்டிருந்தால் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் இன்டர்நெட்டைத் தொட்ட நிமிடம் அந்தக் கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். இன்டர்நெட் இல்லாமல் செட்டப் செய்து காட்டினால் தெரியவே தெரியாது. அதனால் உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்யச் சொல்லி, வைஃபையோடு செட்டப் முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். கடையில் வைஃபை இல்லை என்பார்கள். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுங்கள்.